சுப்பண்ணன் வீட்டு நாற்றம்

சூரியங்காட்டுப்பாளையத்துக்குப் பஞ்சாயத்து போர்டு வருகிற வரைக்கும் அந்த ஊரில் வீசியெறிகிற குப்பை என்று ஒன்று கிடையாது. போர்டு வந்தது. குப்பையை ஒழிக்க வேண்டும் என்று சட்டமும் வந்தது. ஒழிப்பதற்குக் குப்பை வேண்டுமே என்று அதையும் எப்பாடுபட்டாவது உண்டாக்க வேண்டியதாயிற்று. இந்த வரிசையில் தலைகீழாக ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், போர்டு நிர்வாகத்தில் உங்களுக்குப் பழக்கம் போதாது என்று அர்த்தம்.

அந்த வருஷம் சுப்பண்ணனுக்கு இருந்த கவலை வேறு. தோட்டமும் கிணறும் கட்டுத்தரை நிறைய மாடுகளும் வைத்திருந்த குடியானவர் அவர். மகன் அப்புசாமிக்குப் பெண் பார்த்தாயிற்று. பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கத்தில் பெரிய பண்ணயக்காரரான நஞ்சுண்டனின் மகள் பழனாத்தாள்தான் பெண். கோயிலில் பூக்கேட்டதில் நல்ல பூவே விழுந்தது. பெண்ணுக்கும் சம்மதம், பையனுக்கு அதைவிடச் சம்மதம். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அமாவாசை கழிந்த புதன்கிழமை நஞ்சுண்டன் வந்து சுப்பண்ணனின் குப்பைமேட்டைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளையை அப்புறம்தான் பார்ப்பார். மாப்பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சலவை வேட்டி கட்டி நிறுத்திவிடலாம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடலாம். பங்காளி வீட்டு மாடுகளை ஒரு நாளைக்கு ஓட்டிவந்து கட்டுத்தரையில் கட்டிவைத்துக்கொண்டு பெருமை பேசியவர்களும் உண்டு. ஆனால் எருக்குப்பையில் அந்தப் பாச்சா பலிக்காது. வருஷம் முழுக்கச் சாணியும் சாம்பலும் சோளத்தட்டும் தழையும் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு அது. மாடு எத்தனை, தீனி எப்படி, வீட்டுப் பெண்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் அது சொல்லிவிடும். சுப்பண்ணனின் மேடு ஓட்டு வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் மனைவி ராசாத்தாள் தினமும் காலையில் சாணிக்கூடையை அதில் கவிழ்த்துவிட்டு, நகை போட்டுப் பார்க்கிற மாதிரி ஓர் எட்டு பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பாள்.

இப்படி இருக்கையில்தான் போர்டுக்குத் தொட்டி வந்து சேர்ந்தது.

பச்சை வர்ணம் பூசி மூடி போட்ட இரும்புத் தொட்டி. கோயமுத்தூரில் செய்து பாரவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வண்டிக்கு முன்னால் மேளம் போயிற்று. போர்டு ஆபீஸ் வாசலில் அதை இறக்கி, மாலை போட்டு, சந்தனம் தெளித்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, தேங்காய் உடைத்தார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் தேவானந்தம் சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். போத்தனூர்க்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர், லஞ்சத்துக்குக் கை நீட்டாத மனிதர். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், சட்டத்தில் எழுதியிருப்பதை நம்புவதுதான்.

போர்டு பிரசிடெண்டு அரங்கசாமி மேடை ஏறிப் பேசினார்.

"மகா ஜனங்களே, சீமையில் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் ஒரு கூடைக் குப்பை சேருகிறதாம். நம் வீடுகளில் ஒரு பிடிகூடச் சேருவதில்லை. நாம் ஏன் பின்தங்கிவிட்டோம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? இந்தத் தொட்டி நிறையும் நாளே இந்த ஊர் முன்னேறும் நாள். அதுவரை நான் ஓயமாட்டேன்."

பலமாகக் கைதட்டினார்கள். முதல் குப்பையாக அந்தத் தேங்காய் மட்டையையும் எலுமிச்சம்பழத் தோலையும் போடுவதாக ஏற்பாடு. ஆனால் பேச்சு முடிந்து பார்த்தால் இரண்டையும் காணோம். மட்டையை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். தோலைப் பிரசிடெண்டின் மனைவியே ஊறுகாய்க்கு வாங்கிப் போய்விட்டாள்.

மாதம் ஒன்று ஓடிற்று. தொட்டி காலியாகவே கிடந்தது. உள்ளே வந்து சேர்ந்த ஒரே ஜீவன் ஒரு பெட்டைக் கோழி. இருட்டாகவும் குளுமையாகவும் இருக்கிறதே என்று முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அரசாங்கச் சொத்தில் கோழி குடியிருக்க அனுமதி இல்லையென்று அதைக் கிளப்பிவிட்டு மூடிக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவியைப் பிரசிடெண்டு தம் அரைஞாணில் முடிந்துகொண்டார். அவர் வாரத்தில் பாதி நாள் கோயமுத்தூரில் இருப்பார். தொட்டியும் அந்த நாட்களில் மூடியே இருக்கும்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் போர்டைப் பார்வையிட வரப்போவதாகத் தாக்கல் வந்தது. குப்பைச் சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்து, சரியில்லை என்றால் போர்டையே கலைத்துவிடுவாராம். பிரசிடெண்டுக்குச் சோறு இறங்கவில்லை. தேவானந்தத்தைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை அவர் வருவதற்குள் ஊரில் குப்பை இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தேவானந்தம் வீடு வீடாக ஏறி இறங்கினார். உங்கள் வீட்டுக் குப்பையைக் கொடுங்கள் என்று அவர் கேட்டபோது பெண்களுக்குச் சுருக்கென்றது. வாசல் கூட்டிச் சாணி தெளிக்கிற வீட்டில் வந்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? ராசாத்தாள் அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள். சாம்பல் பாத்திரம் விளக்கப் போய்விடுகிறது. கழுநீர் எருமைக்கு. கிழிந்த சேலை தலைச் சும்மாட்டுக்கு. உடைந்த சட்டி கோழிக்குத் தண்ணீர் வைக்க. விளக்குமாறு தேய்ந்தால் அடுப்பில். மிச்சம் எது இருந்தாலும் குப்பைமேட்டுக்கு.

"அப்பறம் குப்பைன்னு ஒண்ணும் மிஞ்சறதில்லீங்க," என்றாள்.

"சட்டப்படி எல்லா வீட்டிலும் குப்பை இருக்கிறதம்மா," என்றார் தேவானந்தம். "இல்லை என்றால் மறைத்து வைத்திருப்பதாகத்தான் அர்த்தம். மறைத்தால் அபராதம்."

அபராதம் என்றதும் ஊர் அரண்டுவிட்டது. குப்பை இல்லாதவர்கள் எல்லாரும் சுப்பண்ணன் வீட்டுக்கு வந்து, ஒரு கூடை எருவைக் கைமாற்றாகக் கொடுங்கள், சாணி சேர்த்துத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று கெஞ்சினார்கள். சுப்பண்ணனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. குப்பைமேட்டை மட்டும் யாரும் இரவல் வாங்க முடியாது என்று நம்பியிருந்தவர் அவர். கூடை கூடையாக அது வெளியே போவதை எண்ணிக்கொண்டு நின்றார். தொட்டியோ பூட்டியிருந்தது. அதனால் வாங்கிப் போன எருவை எல்லாரும் தொட்டிக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு வந்தார்கள்.

தேவானந்தம் அந்தச் சிறு குவியலைப் பார்த்தார். எடுத்து மோந்தார். இது எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், சுப்பண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டின் முன்னால் வந்து நின்றார். சட்டப் புத்தகத்தைத் திறந்தார். குடியிருக்கும் வீட்டுக்கு அருகே அசுத்தம் சேர்த்து வைப்பது குற்றம். போர்டு அதை உடனே கைப்பற்றிப் போர்டின் இடத்தில் வைக்க வேண்டும். ஊருக்குக் குப்பை வேண்டும் என்ற கவலையும் தீர்ந்தது, குற்றவாளியும் கிடைத்தான். ஒரே மேட்டில் இரண்டும் கிடைத்ததில் அவருக்கு மெய்யாகவே சந்தோஷம்.

சுப்பண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, புதங்கெழமை சம்பந்தி ஊட்டுக்காரரு குப்பைமேடு பாக்க வாராருங்க. அவிய பாத்துட்டுப் போனதும் நானே அள்ளிட்டு வந்து கொட்டிப்போடறனுங்க. அது வரைக்கும் சித்த பொறுத்துக்கோணுங்க."

"உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது," என்றார் தேவானந்தம். அவர் பொய் சொல்கிறவர் அல்ல, அவருக்கு நிஜமாகவே புரிந்திருந்தது. "ஆனால் கலியாணத்துக்கு இந்தச் சட்டத்தில் விதிவிலக்கு இல்லை. பெருவெள்ளத்துக்கு இருக்கிறது. கொள்ளை நோய்க்கு இருக்கிறது. கலியாணத்தை இரண்டில் எதிலும் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை."

சுப்பண்ணனின் மேட்டைச் சுப்பண்ணனின் வண்டியில், சுப்பண்ணனின் மாடுகளைப் பூட்டி, சுப்பண்ணனையே ஓட்டச் சொல்லிப் போர்டு ஆபீஸுக்குக் கொண்டு போனார்கள். எருக்குப்பை கிளறாத வரைக்கும் சாது. கிளறினால் சும்மா இருக்காது. செவ்வாய்க்கிழமை பொழுது இறங்கும்போது போர்டு ஆபீஸ் வாசலில் மேடு எழுந்துவிட்டது, பச்சைத் தொட்டி அதற்குக் கீழே புதைந்து எங்கோ இருந்தது, ஊர் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. சுப்பண்ணன் வீட்டுக்குப் பின்னால் வெறும் பள்ளம். ராசாத்தாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் அழுததைச் சுப்பண்ணன் கேட்டார். அப்புசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனவன் திரும்பவே இல்லை.

புதன்கிழமை காலையில் நஞ்சுண்டன் வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். சுப்பண்ணன் போர்டு, சட்டம், தொட்டி, கோழி என்று நடந்ததை எல்லாம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய் மாதிரிதான் பட்டது. நஞ்சுண்டன் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றதற்கு இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லி நடந்தார். சாப்பிடாமல் போகிறார் என்றால் சம்பந்தம் போச்சு என்று அர்த்தம். சுப்பண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

போர்டு ஆபீஸ் வந்ததும் நஞ்சுண்டனின் கால் தானாக நின்றது. மேட்டைச் சுற்றி வந்தார். ஒரு பிடி எடுத்துக் கையில் உதிர்த்துப் பார்த்தார். மோந்தார். அவர் முகம் மலர்ந்ததை ஊரே பார்த்தது.

"நல்ல எருவுங்க. இது ஆருதுங்க?" என்று கேட்டார்.

"போர்டுடையது," என்றார் தேவானந்தம்.

"அப்படீங்களா. போர்டுக்குக் கலியாண வயசுல பையன் இருக்குதுங்களா?"

தேவானந்தம் சட்டப்படி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பிரசிடெண்டு அரங்கசாமி ஆபீஸுக்குள்ளிருந்து வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கும் ஒரு மகன் இருந்தான். நஞ்சுண்டனின் தோட்டம் எவ்வளவு என்று அவருக்கு மட்டும் தெரியாதா என்ன?

"போர்டுங்கறது நாந்தானுங்க," என்றார். "இந்தக் குப்பை முச்சூடும் என்னுதுங்க. எனக்கு ஒரு பையன் இருக்கறானுங்க. உள்ள வந்து உக்காருங்க, உப்புச் சக்கரை மாத்திக்கலாம்."

உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் நிச்சயம் ஆனது போலத்தான். தட்டு எடுத்துவர ஆள் ஓடிற்று. மாடு தின்ற சோளத்தட்டு, மனைவி சுமந்த கூடை, தாம் வண்டி ஓட்டிய ஓட்டம், எல்லாம் சேர்ந்து வேறொருவன் வீட்டுக்கு மருமகளைக் கூட்டிக்கொண்டு போகிறதே என்று சுப்பண்ணன் மேட்டையே பார்த்தார்.

அந்தச் சமயத்தில் மோட்டார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. வெள்ளிக்கிழமை வரவேண்டிய பெரிய அதிகாரி புதன்கிழமையே வந்துவிட்டார். திடீரென்று வந்தால்தான் உண்மை தெரியும் என்று அவருக்கு ஒரு கொள்கை. இறங்கிய வேகத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"இது யாருடைய அசுத்தம்?" என்றார்.

பிரசிடெண்டின் நிலைமை இப்போது கொஞ்சம் சங்கடமாயிற்று. ஒரு பக்கம் நஞ்சுண்டன் நிற்கிறார். குப்பை என்னுடையது இல்லை என்றால் பெண் போய்விடும். இன்னொரு பக்கம் அதிகாரி நிற்கிறார். என்னுடையது என்றால் பதவி போய்விடும். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து வருஷம் தேர்தலில் நின்று ஜெயித்தது வீண்போகவில்லை.

"குப்பை என்னுதுங்க," என்றார் நிதானமாக. "நாத்தம் சுப்பண்ணனுதுங்க."

இது சட்டத்தில் செல்லுமா என்று அதிகாரி தேவானந்தத்தைக் கேட்டார். தேவானந்தம் புத்தகத்தைப் புரட்டினார். குப்பைக்கு ஒரு பிரிவு, துர்நாற்றத்துக்கு வேறொரு பிரிவு. இரண்டுக்கும் உடைமையாளர் ஒருவரேயாக இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆகவே செல்லும் என்றார். அதிகாரிக்குத் திருப்தி. குப்பையை இத்தனை சிரத்தையாகச் சேர்த்த பிரசிடெண்டைப் பாராட்டினார். நாற்றத்தின் உடைமையாளர் அதை அன்று பொழுது சாய்வதற்குள் அகற்ற வேண்டும், தவறினால் சிறை என்று உத்தரவு போட்டுவிட்டு, நாற்றம் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

சுப்பண்ணன் வீட்டுக்கு ஓடி ராசாத்தாளை எழுப்பினார். அவள் கேட்டுவிட்டு, நாற்றத்தைக் கூடையில் அள்ளுவதா குடத்தில் மொள்வதா என்று கேட்டாள். அவள் பரிகாசம் செய்யவில்லை, எந்தப் பாத்திரத்தை எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல்தான் கேட்டாள். சுப்பண்ணனுக்கும் தெரியவில்லை. திரும்ப ஓடிவந்து தேவானந்தத்தின் முன்னால் நின்றார்.

"ஏனுங்க, உத்தரவுப்படி செய்யறனுங்க. என்ற நாத்தத்தை மட்டும் பிரிச்சுக் குடுத்துப்போட்டீங்கன்னா எடுத்துட்டுப் போயர்றனுங்க."

தேவானந்தம் யோசித்தார். கேட்டது நியாயம். மேட்டருகே போய்க் குனிந்து பார்த்தார், பிரிக்கிற வழி புலப்படவில்லை. புத்தகத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். நடுப்பகலுக்கு அப்புறம் அவர் முகம் தெளிந்தது. அகற்றப்படும் அசுத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள்களையும் சேர்த்து அகற்றலாம் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது.

"எடுத்துக்கொண்டு போங்கள்," என்றார். "ஆனால் ஒன்று. பொருள் போர்டுடையது. நாற்றம் நீங்கியதும் பொருளைத் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும்."

"நீங்குன ஒடனே வந்து சொல்லிப்போடறனுங்க," என்றார் சுப்பண்ணன்.

வண்டிகள் வந்தன. கிணற்றடியிலிருந்து அப்புசாமி மண்வெட்டியோடு வந்தான். நஞ்சுண்டன் அங்கே நிற்பதுகூட அவன் கண்ணில் படவில்லை, இடுப்பளவு எருவில் இறங்கி அள்ளிப் போட்டான். ராசாத்தாள் உதிர்ந்ததைக்கூட விடாமல் கூட்டிக் கூடையில் எடுத்தாள். பிரசிடெண்டு உப்புச் சர்க்கரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அதிகாரி ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்தார்.

"ஏனுங்க," என்றார் நஞ்சுண்டன், "உங்க குப்பையை வேற ஒருத்தரு அள்ளிட்டுப் போறாரு. நீங்க பாத்துட்டு நிக்கறீங்க?"

பிரசிடெண்டு ஜன்னலை ஒரு முறை பார்த்தார். போகிறது நாற்றம்தான் என்றும், குப்பை கூடவே சும்மா போய்விட்டு வருகிறது என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நஞ்சுண்டன் வெற்றிலையைத் துப்பினார்.

"நானும் காலையில இருந்து நெனச்சுட்டுத்தானுங்க இருந்தேன். மாடு ஆருதோ நாத்தமும் அவருதுதானுங்க. நாத்தம் என்னுது இல்லீங்கன்னு ஒருத்தரு சொன்னாருன்னா, அவரு கட்டுத்தரையில மாடும் இல்லீங்கன்னு அர்த்தம்."

பிரசிடெண்டின் கையிலிருந்த தட்டை நஞ்சுண்டனே வாங்கிக்கொண்டார். கடைசி வண்டிக்குப் பின்னால் நடந்து சுப்பண்ணன் வீட்டுக்கு வந்து, மேடு திரும்ப உயர்கிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்து, அதற்கு முன்னால் வைத்து உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டும் போனார். ராசாத்தாள் மறுபடியும் அழுதாள், இந்தத் தடவை எல்லாருக்கும் முன்னால். ஊரில் நாற்றம் அடியோடு நீங்கிவிட்டதாகப் போர்டைப் புகழ்ந்து எழுதிவிட்டு அதிகாரியும் போய்ச் சேர்ந்தார்.

தை பிறந்து கலியாணம் நடந்தது. தேவானந்தத்தை மறக்காமல் அழைத்திருந்தார்கள். திருப்தியாகச் சாப்பிட்டவர், அவரவர் குப்பையை அவரவரே தொட்டியில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், தம் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். யார் வாங்க வந்தும் கொடுக்கவில்லை. போர்டு ஆபீஸுக்குப் போனார். தொட்டி பூட்டியிருந்தது. சாவி பிரசிடெண்டின் அரைஞாணில், பிரசிடெண்டு கோயமுத்தூரில். இலையோடு ஊரைச் சுற்றி வந்தார். கீழே போட்டால் குற்றம். வீட்டுக்குக் கொண்டுபோனால் அசுத்தம் சேர்த்து வைத்த குற்றம். கடைசியில் சுப்பண்ணன் வீட்டுக்குப் பின்னால் வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இலையை மேட்டில் போட்டார்.

திரும்பினால் சுப்பண்ணன் நிற்கிறார்.

தேவானந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார். சர்க்கார் மனிதர் அல்லவா? வந்த காரியம் இதுதான் என்பது போல, நாற்றம் நீங்கிவிட்டதா, போர்டின் பொருளை எப்போது ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

சுப்பண்ணன் மேட்டைப் பார்த்தார், மேலே கிடந்த இலையையும் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் இதுல என்ற நாத்தம் மட்டுந்தானுங்க இருந்துது," என்றார் ரொம்பப் பணிவாக. "இப்ப உங்குளுதும் கொஞ்சம் சேந்துபோச்சுங்க. ரண்டையும் பிரிச்சுக் குடுத்துப்போட்டீங்கன்னா, பொருளை நாளைக்கே கொண்டாந்து கொட்டிப்போடறனுங்க."

தேவானந்தம் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டிருக்கிறார்.